மூன்று நிமிடமும் எழுபத்தைந்து மதிப்பெண்ணும்

கோவில்பட்டி வட்டாரத்துச் சம்சாரிகள் மழையை ‘ஓர் உழவு மழை’, ‘இரண்டு உழவு மழை’ என்று அளப்பார்கள். மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் விழுந்தது என்பது அரசாங்கத்தின் கணக்கு. மண்ணில் ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது சம்சாரியின் கணக்கு. இரண்டும் ஒரே மழையைப் பற்றியவைதாம். ஆனால் கரிசலில் விதைப்பது இரண்டாவது கணக்கை நம்பித்தான். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிக்கு மாணவரைத் தேர்ந்தெடுத்த முறைகளின் வரலாற்றைப் புரட்டும்போது இந்த இரு கணக்குகளின் வேறுபாடு நம் நினைவுக்கு வருகிறது. ஒரு மாணவரின் மதிப்பெண் குறைவாக இருக்கிறது என்றால் அது எதைக் காட்டுகிறது? அவருடைய ஆற்றலையா, அவர் வந்த வழியையா? இந்த வினாவை முக்கால் நூற்றாண்டாக நம் அரசுகளும் நீதிமன்றங்களும் வெவ்வேறு சொற்களில் கேட்டு வந்திருக்கின்றன. அவர்கள் கண்ட விடைகளையும், அவை கோவில்பட்டி போன்ற வானம் பார்த்த சீமைக்கு என்ன பொருள் தந்தன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

330 இடங்கள்

1950இல் சென்னை மாகாண அரசின் கையில் நான்கு மருத்துவக் கல்லூரிகளும் அவற்றில் 330 இடங்களும் இருந்தன. அன்றைய மாகாணம் ஆந்திரக் கரையையும் மலபாரையும் உள்ளடக்கியது என்பதை நினைவில் கொண்டால் அந்த எண்ணின் சிறுமை விளங்கும். 17 இடங்கள் வெளி மாநில மாணவருக்கு, 12 இடங்கள் அரசின் விருப்பப்படி வழங்க. எஞ்சியவை மாவட்டத் தொகுதிகளுக்குப் பிரிக்கப்பட்டு, அதன் பிறகு ஒவ்வொரு 14 இடத்திற்கும் வகுப்புவாரியாகப் பங்கு போடப்பட்டன.

இந்த வகுப்புவாரி ஆணையை எதிர்த்துத்தான் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை. விண்ணப்பித்தாலும் இடம் கிடைக்காது என்று அறிந்து நீதிமன்றம் சென்றதாகவே வழக்கின் பதிவு சொல்கிறது. 1950 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றமும் ஆணை செல்லாது என்றன. இரண்டே மாதங்களில் அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) என்னும் உட்பிரிவு சேர்ந்தது. பிற்பட்ட வகுப்பினரின் முன்னேற்றத்திற்கெனத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் கிடைத்தது.

இந்த வழக்கைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வகுப்புப் பங்கீட்டோடு நின்றுவிடுகின்றனர். அதே ஆணைக்குள் மாவட்டப் பங்கீடும் இருந்தது என்பது பலர் கண்ணில் படுவதில்லை. ஒருவர் எந்தக் குலத்தில் பிறந்தார் என்பதைப் போலவே எந்த மண்ணில் பிறந்தார் என்பதும் அவருடைய படிப்பைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் அன்றைய நிர்வாகத்திற்கு இருந்தது. அந்த எண்ணம் அடுத்த 20 ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்பதே நம் கதையின் அடுத்த பகுதி.

மாவட்டத்துக்கு ஒரு பங்கு

1967-68ஆம் கல்வியாண்டுச் சேர்க்கைக்குச் சென்னை மாநில அரசு வகுத்த விதிகளில் ஒன்று, மருத்துவ இடங்களை ஒவ்வொரு மாவட்டத்தின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரித்தளித்தது. கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு வட்டம். தூத்துக்குடியைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் 1986இல்தான் பிறந்தது. பாளையங்கோட்டையில் 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கியிருந்தது. கோவில்பட்டியிலேயே 1966இல் கோ. வெங்கடசுவாமி நாயுடு கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பள்ளியிறுதி முடித்த கரிசல் பிள்ளை புகுமுக வகுப்புக்கே ஊரை விட்டுப் போக வேண்டும். விடுதிக் கட்டணம் கட்ட முடிந்த குடும்பத்தின் பிள்ளைதான் போகும்.

இந்நிலையில் மாவட்டப் பங்கீடு நன்மையாகத் தோன்றலாம். ஆனால் அது கரிசலுக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பது ஐயமே. திருநெல்வேலி மாவட்டத்திற்குள் பாளையங்கோட்டையும் இருக்கிறது, விளாத்திகுளமும் இருக்கிறது. நூறாண்டு கடந்த மிஷன் பள்ளிகளும் கல்லூரிகளும் தாமிரபரணிக் கரையில். கம்பும் பருத்தியும் மிளகாயும் விளையும் மேட்டு நிலம் வடக்கே. ஒரே மாவட்டம் என்ற கூரையின் கீழ்ப் போட்டி வைத்தால் இடம் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த விதியை எதிர்த்து எழுந்த பி. ராஜேந்திரன் வழக்கில் 1968 ஜனவரி 17 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல் போட்டால் சென்னை நகர மாணவர் தம் மக்கள்தொகை விகிதத்திற்கு மிஞ்சிய இடங்களைப் பெற்றுவிடுவர் என்பது அரசின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சேர்க்கையின் நோக்கம் இருப்பவருள் சிறந்தவரைத் தேர்வது. மாவட்ட எல்லைக்கும் அந்த நோக்கத்திற்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று கூறி அவ்விதியை நீக்கியது. பிற்பட்ட வகுப்பினர் பட்டியலை மட்டும் ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். நகரத்துப் பிள்ளைகள் முந்துவர் என்பதை அரசு ஓர் அச்சமாக முன்வைத்தது. ஆய்வின் முடிவாக முன்வைக்கவில்லை. ஏன் முந்துகின்றனர், பள்ளிகளின் நிலை என்ன, ஆசிரியர் எத்தனை பேர் என்ற கணக்கு அந்த வாதத்தில் இல்லை. கணக்கில்லாத நியாயம் நீதிமன்றத்தில் நிற்காது என்ற பாடம் அரை நூற்றாண்டு கழித்துத்தான் பயன்பட்டது.

நேர்காணல் அறை

மாவட்டப் பங்கீடு போனபின், 1970-71ஆம் ஆண்டுச் சேர்க்கைக்குத் தமிழ்நாடு அரசு வேறு வழியை மேற்கொண்டது. மருத்துவக் கல்லூரிகள் ஆறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அலகுக்கும் தனித் தேர்வுக் குழு அமைந்தது. பாட மதிப்பெண்ணுக்கு 200, நேர்காணலுக்கு 75, ஆக மொத்தம் 275. நேர்காணலில் ஐந்து தலைப்புகளின் கீழ் மாணவரை மதிப்பிட வேண்டும்: விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடத்திற்கு வெளியே செய்த சிறப்புப் பணிகள், உடல் நிலையும் தாங்கும் வலிமையும், பொதுத் திறன், மருத்துவத்தின்பால் நாட்டம்.

இந்தப் பட்டியலை ஒரு கரிசல் காட்டு மாணவரின் கண்ணால் படித்துப் பாருங்கள். தேசிய மாணவர் படை எல்லாப் பள்ளியிலும் இருந்ததில்லை. விளையாட்டுச் சான்றிதழுக்கு மைதானமும் பயிற்சியாளரும் வேண்டும். கோடை விடுமுறையில் மிளகாய்ப் பழம் பறித்ததற்கும், இரவில் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டியதற்கும், கிணற்று நீர் வற்றிய ஆண்டுகளில் இரண்டு மைல் நடந்து குடம் சுமந்ததற்கும் யாரும் சான்றிதழ் தருவதில்லை. உடல் தாங்கும் வலிமை என்ற தலைப்பு ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை அந்த அறையில் எப்படி மெய்ப்பிப்பது? ‘உன் மதிப்பெண் ஏன் குறைந்தது?’ என்ற ஒரே பயனுள்ள கேள்விக்கு அந்த ஐந்து தலைப்புகளுள் இடமே இல்லை.

அந்த ஆண்டுச் சேர்க்கையை எதிர்த்து ஏ. பெரியகருப்பன் என்ற மாணவரின் பெயரில் நடந்த வழக்கு இந்தியக் கல்வி வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1970 செப்டம்பர் 23 அன்று வந்த தீர்ப்பு அலகுவாரித் தேர்வைச் செல்லாததாக்கியது. ஓர் அலகில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் உள்ளே போக, மற்றோர் அலகில் அதிகம் பெற்றவர் வெளியே நிற்பது சமத்துவமாகாது என்பது காரணம். நேர்காணலைப் பற்றி அது சொன்னவை இன்னும் முக்கியமானவை. ஒவ்வொரு மாணவருக்கும் சராசரியாக மூன்று நிமிடமே கிடைத்தது என்பது மறுக்கப்படவில்லை. மூன்று நிமிடத்தில் ஒருவரின் தகுதியை அறிய இயலாது. 275இல் 75 என்பது மிகையாகவே தோன்றுகிறது. மதிப்பெண்ணைத் தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக இட்டதும் விதிக்கு முரண் என்று நீதிமன்றம் கண்டது.

மூன்று நிமிடத்திற்கு எழுபத்தைந்து மதிப்பெண் என்றால் நிமிடத்திற்கு இருபத்தைந்து. இரண்டாண்டுப் படிப்பில் ஒரு பாடத்திற்குக் கூடுதலாகப் பத்து மதிப்பெண் எடுக்க ஒரு பிள்ளை எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும்? அந்த உழைப்பை, குழுவின் எதிரே நாற்காலியில் எப்படி உட்கார்ந்தார், எந்த மொழியில் விடை சொன்னார் என்பது ஒரு நொடியில் அழித்துவிடும்.

இதற்கு ஆறாண்டு முன்னர், 1964இல் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்த சித்ரலேகா வழக்கில், நேர்காணலுக்கு 25 விழுக்காடு ஒதுக்கியதை அதே உச்சநீதிமன்றம் ஏற்றிருந்தது. ஏட்டுப் படிப்பு மட்டும் ஒருவரை முழுதும் காட்டாது என்ற கருத்து அப்போது வலுவாக இருந்தது. 1980 நவம்பரில் ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், பெரியகருப்பன் தீர்ப்பையே துணைக்கழைத்து, நேர்காணலுக்கு 15 விழுக்காட்டிற்கு மேல் தருவது தன்னிச்சையானது என்று வரையறுத்தது. அங்கும் நேர்காணல் நடந்தது இரண்டு மூன்று நிமிடங்கள்தாம். பதினாறு ஆண்டுகளில் நீதிமன்றத்தின் நம்பிக்கை தேய்ந்ததற்குக் காரணம் கோட்பாடு அன்று. தம் முன் வந்த நேர்காணல்களின் உண்மையான நடப்பு.

தேர்வு வந்தது, போனது, மீண்டும் வந்தது

1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. விடைத்தாளுக்கு முகம் தெரியாது, சாதி தெரியாது, சிபாரிசுக் கடிதமும் தெரியாது. மூன்று நிமிட அறையின் குறைகளுக்கு அது மருந்தாகத் தோன்றியதில் வியப்பில்லை. பிற்காலத்தில் மேல்நிலைப் பாட மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என 300க்குக் கணக்கிட்டனர். ஆனால் தேர்வோடு தேர்வுப் பயிற்சியும் வந்தது. பயிற்சி நிலையங்கள் நகரங்களில் முளைத்தன. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநெல்வேலிக்கோ அதனினும் தொலைவான மதுரைக்கோ மகனை அனுப்ப முடிந்தவரும் முடியாதவரும் என்று கரிசலின் குடும்பங்கள் மீண்டும் இரண்டாகப் பிரிந்தன.

1990களின் பிற்பகுதியில் கிராமப்புறப் பள்ளி மாணவருக்கு 15 விழுக்காடு ஒதுக்கும் முயற்சி நடந்தது. அதுவும் பின்னர் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. 2005 ஜூனில் நுழைவுத் தேர்வை நீக்கி அரசாணை வந்தது. அதே மாதத்தில் உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. 2006 தொடக்கத்தில் இயற்றிய சட்டமும் வீழ்ந்தது. ஆட்சி மாறியபின் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று, பேரவையில் சட்டம் இயற்றி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றபின்தான் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. குழு, தரவு, சட்டம், ஒப்புதல் என்ற வரிசையில் சென்றதால் இம்முறை அது நின்றது. பத்தாண்டு காலம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. அதிலும் குறையில்லாமல் இல்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே மனப்பாடம் செய்விக்கும் பள்ளிகள் தழைத்தது அக்காலத்தில்தான்.

2013இல் முதன்முறை நடந்து, அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றத்தால் நீக்கப்பட்ட ‘நீட்’, 2016இல் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டதால் உயிர்பெற்று, 2017 முதல் தமிழ்நாட்டைப் பிடித்தது. அந்த ஆண்டு அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்திருந்தார்; நீட்டில் 720க்கு 86. ஒரே மாணவி, ஒரே ஆண்டு, இரு அளவுகோல்கள். நீட்டுக்கு எதிராக உச்சநீதிமன்றம் வரை சென்ற அவர் செப்டம்பர் 1 அன்று உயிர் நீத்தார். அந்த 86ஐப் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்க ஓர் அறைகூட, மூன்று நிமிடம்கூட, எந்த விதியிலும் இல்லை.

வேலூரும் டெக்சாசும்

நேர்காணல் என்றாலே அநீதி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, எழுத்துத் தேர்வில் தேறியவர்களைத் தன் வளாகத்திற்கு வரவழைத்து, நாள்கணக்கில் பலவகையாகச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறையை நெடுங்காலம் கையாண்டது. மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்ற மனமுள்ளவரா என்பதே அங்கே முதன்மையான கேள்வி. 2013இல் நீட்டை எதிர்த்த வழக்கின் தலைப்பில் இக்கல்லூரியின் பெயர்தான் இருந்தது. 2017இல் தம் முறையைக் கைவிட மனமின்றி, 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்றவற்றைக் காலியாக விட்டது. 2020 ஏப்ரல் 29 அன்று, சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் முடித்து வைத்தது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1979இல் தற்செயலாக ஒரு சோதனை நடந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி சுமார் 800 பேரை நேர்காணல் செய்து, தரவரிசையின் மேல்பகுதியிலிருந்து 150 பேரைச் சேர்த்திருந்தது. திடீரென மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. அதற்குள் நல்ல தரவரிசை பெற்றவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டனர். எஞ்சியிருந்தவர்கள் பட்டியலின் அடியில் கிடந்தவர்கள். அவர்களிலிருந்து 50 பேர் எடுக்கப்பட்டனர். படிப்பு முடிந்து, பயிற்சி மருத்துவராகப் பணியாற்றிய காலம் வரை ஆராய்ந்தபோது இரு குழுவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 1987இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நேர்காணல் குழு மேல், கீழ் என்று பிரித்தது வெறும் தோற்றத்தைத்தான். பின்னாளில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம், ஒரே குழுவின் முன் ஒரே நேர்காணல் என்பதை விட்டு, பல சிறு நிலையங்களில் பல மதிப்பீட்டாளரைச் சந்திக்க வைக்கும் முறையை உருவாக்கியது இந்தக் குறையைப் போக்கத்தான்.

யாரிடம் கேட்கப்படுகிறது?

இத்தனை மாற்றங்களுக்கிடையே ஒன்று மட்டும் மாறவில்லை. குறைந்த மதிப்பெண்ணுக்கு விளக்கம் கேட்கப்படுவது ஏழை மாணவரிடம் மட்டுமே. நீட்டில் தகுதி பெறப் பொதுப் பிரிவினருக்கு 50ஆவது நூற்றுமானமும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40ஆவதும் போதும். அந்தத் தகுதியோடு பெருங்கட்டணம் கட்ட இயன்றவர் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் பெறலாம். அவரைவிட நூறு மதிப்பெண் கூடுதலாக வாங்கிய, கட்டணம் கட்ட இயலாத பிள்ளை வெளியே நிற்கலாம். 2023 செப்டம்பரில் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தபோது தகுதி நூற்றுமானம் பூச்சியமாகவே இறக்கப்பட்டது. தரம் கெட்டுவிடும் என்ற கூக்குரல் இட ஒதுக்கீட்டின்போது எழும் வேகத்தில் அப்போது எழவில்லை.

நோயாளிக்குத் தேவை திறமையான மருத்துவர் என்பதில் நமக்கு இரு கருத்து இல்லை. ஆனால் நுழையும் வாசல் வேறு, வெளியேறும் வாசல் வேறு. எந்த ஒதுக்கீட்டில் நுழைந்தவரும் அதே உடற்கூறியலைப் படித்து, அதே பல்கலைக்கழகத் தேர்வில் தேறித்தான் மருத்துவராகிறார். திறமையைக் கண்டிப்புடன் காக்க வேண்டிய இடம் அந்த இரண்டாம் வாசல்.

நான்காவது முயற்சி

2019-20இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் ஆறு பேர். 2020இல் ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையிலான ஆணையம் இந்நிலையை ஆராய்ந்து 10 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பரிந்துரைக்க, அரசு 7.5 விழுக்காடாகச் சட்டம் இயற்றியது. அந்த ஆண்டே எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டிலுமாக ஏறத்தாழ 400 இடங்கள் அரசுப் பள்ளி மாணவருக்குக் கிடைத்தன. 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது.

மாவட்டம் (1967), அலகு (1970), கிராமம் (1990கள்) ஆகிய மூன்றும் வீழ்ந்த இடத்தில் பள்ளி என்ற நான்காவது அளவுகோல் ஏன் நின்றது? முதல் மூன்றும் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லின. நான்காவது, அவருக்கு என்ன கிடைக்கவில்லை என்பதைச் சொன்னது. அதையும் எண்ணிக் காட்டிச் சொன்னது. கோவில்பட்டியின் ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் படித்த வணிகர் மகனும், கயத்தாற்றுப் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்த தீப்பெட்டித் தொழிலாளியின் மகளும் ஒரே மாவட்டத்தினர்தாம். மாவட்டத்தைப் பார்க்கும் விதிக்கு அவர்களிடையே வேறுபாடு தெரியாது. பள்ளியைப் பார்க்கும் விதிக்குத் தெரியும்.

இதுவும் முழுமையான தீர்வன்று. உள் ஒதுக்கீட்டுக்குள்ளும் நீட் தரவரிசைதான் ஆள்கிறது. ஓராண்டு வீட்டிலிருந்து மறுபடி எழுத வசதியுள்ள அரசுப் பள்ளி மாணவருக்கும், முதல் முயற்சியோடு வேலைக்குப் போக வேண்டியவருக்கும் இடையே மீண்டும் ஒரு கோடு விழுகிறது. நீட்டிலிருந்தே விலக்குக் கோரி, நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையை அடுத்து 2021இல் பேரவை நிறைவேற்றிய சட்ட முன்வடிவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார்.

இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. கரிசல் சொற்களுக்கு அவர் தொகுத்த அகராதியே அதற்குப் போதுமான சான்றிதழாக இருந்தது. எழுத்தாளருக்கு அப்படி ஒரு பின்வாசல் உண்டு. செய்த வேலையைக் காட்டி உள்ளே வரலாம். மருத்துவராக விரும்பும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை; இருக்கவும் முடியாது. அவளிடம் இருப்பது ஒரு மதிப்பெண்ணும், அதன் பின்னால் ஒரு வரலாறும்தான்.

1950இல் 330 இடங்களுக்காக நடந்த வழக்கிலிருந்து பதினோராயிரத்திற்கும் மேற்பட்ட இடங்கள் உள்ள இன்றுவரை நாம் வந்திருக்கிறோம். தூத்துக்குடியில் 2000 முதலும் விருதுநகரில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் நடக்கின்றன. கோவில்பட்டி அவ்விரண்டிற்கும் நடுவே இருக்கிறது. அக்கல்லூரிகளின் வகுப்பறைகளில் கரிசல் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் எந்தப் பள்ளியிலிருந்து வந்தார்கள், எத்தனையாவது முயற்சியில் வந்தார்கள் என்பதை அரசு ஆண்டுதோறும் எண்ணி வெளியிட வேண்டும். 1968இல் அரசிடம் அந்தக் கணக்கு இல்லாததால் தோற்றோம். 2022இல் கணக்கு இருந்ததால் நின்றோம். அடுத்த வழக்கு எப்போது வரும் என்று தெரியாது. கணக்கை இப்போதே எடுத்து வைப்பது நல்லது.